கனிந்த வாழைப்பழம், ஓட்ஸ்: முதன்முதலாகக் கேக் செய்பவர்களுக்கு

வாழைப்பழத்தின் தோல் கறுக்க ஆரம்பித்துவிட்டால் வீட்டில் யாரும் அதைத் தொடுவதில்லை. இந்தக் கேக்குக்கு அந்தப் பழம்தான் வேண்டும். வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரை பொங்க அடிக்கும் வேலை கிடையாது, அதற்கான மெஷினும் வேண்டாம், மேலே கிரீம் பூச வேண்டியதில்லை. முள்கரண்டி, மிக்ஸி, ஒரு கேக் டின், ஓவன் இருந்தால் போதும். ஓவன் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

கை வேலை என்று பார்த்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. மற்றதெல்லாம் காத்திருப்புதான். பழம் கனியும் வரை பொறுக்க வேண்டும், ஓட்ஸ் ஊறும் வரை பொறுக்க வேண்டும், வெந்த கேக் ஆறும் வரை பொறுக்க வேண்டும். கேக் கல்லாகிவிட்டது, நடுவில் களியாக நிற்கிறது, வெட்டினால் உதிர்கிறது என்று சொல்பவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் அவசரப்பட்டிருப்பார்கள். அதனால் அந்த இடங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எந்தப் பழம், எவ்வளவு கனிய வேண்டும்

கடையில் மோரிஸ் என்றும் பச்சைப்பழம் என்றும் கிடைக்கும் நீளமான பழம்தான் புதிதாகச் செய்பவர்களுக்கு எளிது. சதை மென்மையாக இருக்கும், நீர்ச்சத்தும் போதுமான அளவு உண்டு, முள்கரண்டியால் நாலு அழுத்து அழுத்தினால் கூழாகிவிடும். பூவனும் நன்றாக வரும். அதில் இருக்கும் லேசான புளிப்பு கேக்குக்கு நல்லதுதான். ஏலக்கி இனிப்பும் மணமும் கூடியது, ஆனால் நிறைய பழம் உரிக்க வேண்டியிருக்கும். ரஸ்தாளியில் சில பழங்களின் சதைக்குள்ளே கெட்டிக் கட்டிகள் இருக்கும், எவ்வளவு கனிந்தாலும் அவை மசியாது. அவற்றை விரலால் தடவிப் பார்த்து எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். நேந்திரத்தில் மாவுச்சத்து அதிகம். தோல் நன்றாகக் கறுக்கும் வரை விடாவிட்டால் கேக் வறண்டுவிடும். விருப்பாச்சி, சிறுமலைப் பழங்கள் கையில் கிடைத்தால் தயவுசெய்து அப்படியே சாப்பிடுங்கள். ஓவனில் வைத்தால் அந்த மணத்தில் பாதி போய்விடும், விலைக்கும் கட்டுப்படியாகாது.

காயில் இருக்கும் மாவுச்சத்துதான் பழுக்கப் பழுக்கச் சர்க்கரையாக மாறுகிறது. தோல் முழு மஞ்சளாகிவிட்டாலே பழம் தயார் என்று நினைத்துவிடாதீர்கள். மஞ்சளில் கறுப்புப் புள்ளிகள் விழுந்து, அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்க வேண்டும். உரித்துப் பார்த்தால் சதை வெள்ளையாக இல்லாமல் லேசாகத் தேன் நிறத்துக்கு வந்திருக்கும், ஓரங்களில் கண்ணாடி போலத் தெரியும், விரல் பட்டாலே குழியும். வாசனை அறை முழுக்கப் பரவும். அந்த நிலைதான் சரி. தோல் முழுக்கக் கறுத்திருந்தாலும் பரவாயில்லை, உள்ளே சதை நன்றாக இருந்தால் போதும். ஆனால் நீர் வடிந்தாலோ, கள் போலப் புளித்த வாடை அடித்தாலோ, காம்புப் பக்கம் பூஞ்சை தெரிந்தாலோ அந்தப் பழத்தைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பழம் இன்னும் கனியவில்லையென்றால், வேறொரு கனிந்த பழத்தோடு சேர்த்துக் காகிதப் பையில் சுற்றி வையுங்கள், அல்லது அரிசிப் பானைக்குள் புதைத்து வையுங்கள். பழத்திலிருந்து வெளிவரும் எத்திலீன் வாயு வெளியே போகாமல் சுற்றியே நிற்பதால் சீக்கிரம் கனியும். ஓவனில் தோலோடு சுட்டுக் கறுக்க வைக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு. அதில் பழம் மென்மையாகும், ஆனால் தானாகக் கனிந்த பழத்தின் இனிப்பு வராது. இதற்கு நேர்மாறாக, பழம் கனிந்துவிட்டது, உங்களுக்குத்தான் நேரமில்லை என்றால், உரித்து ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம். வெளியே எடுத்ததும் தண்ணீர் விட்டுக் குழைந்து கிடக்கும். பயப்பட வேண்டாம், அந்தத் தண்ணீரையும் கொட்டாமல் சேர்த்தே மசித்துக்கொள்ளுங்கள்.

ஓட்ஸ்

வேண்டியது தட்டையாக நசுக்கிய சாதாரண வெள்ளை ஓட்ஸ். பாக்கெட்டில் ரோல்டு ஓட்ஸ் என்றோ குவிக் ஓட்ஸ் என்றோ இருக்கும், இரண்டும் சரிதான். மசாலா சேர்த்த ஓட்ஸ் கூடவே கூடாது. ஸ்டீல் கட் என்று வரும் நொய் போன்ற ஓட்ஸும் வேண்டாம், அது இந்த நேரத்தில் வேகாது.

வெறும் வாணலியில் சின்னத் தீயில் நாலைந்து நிமிடம் வறுத்துக்கொண்டால் பச்சை வாடை போய் நல்ல மணம் வரும். நிறம் மாற விடாதீர்கள். நன்றாக ஆறிய பிறகே மிக்ஸியில் போட வேண்டும். சூட்டோடு அரைத்தால் ஜாரின் ஓரத்தில் ஈரம் கோத்து மாவு கட்டி கட்டியாகும். ரொம்ப நைசாக வேண்டாம், கையில் தொட்டால் லேசாக நறநறக்கும் அளவு போதும்.

கோதுமையில் இருக்கும் குளூட்டன்தான் கேக்கின் உடம்பைப் பிடித்து நிறுத்துகிறது. ஓட்ஸில் அது கிடையாது. முழுக்க ஓட்ஸிலேயே செய்வதும் நடக்கிற காரியம்தான், ஆனால் முதல் முறை செய்பவருக்கு அது உதிரும். அதனால் கொஞ்சம் கோதுமை மாவு சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன். மைதா தேவையே இல்லை. குளூட்டன் உடம்புக்கு ஆகாதவர்கள் கோதுமைக்குப் பதில் அரிசி மாவு சேர்க்கலாம். ஆனால் ஓட்ஸும் குளூட்டன் கலக்காதது என்று அச்சிட்ட பாக்கெட்டாக இருக்க வேண்டும், ஏனென்றால் சாதாரண ஓட்ஸில் கோதுமை கலந்துவிடுவது சகஜம்.

அளவுகள்

ஏழு அங்குல வட்ட டின்னுக்கோ, எட்டுக்கு நாலு அங்குல ரொட்டி டின்னுக்கோ இது சரியாக இருக்கும். கப் என்றால் 240 மில்லி, பெரிய ஸ்பூன் 15 மில்லி, சின்ன ஸ்பூன் 5 மில்லி. எல்லாம் தலை தட்டிய அளவு.

மசித்த வாழைப்பழம்: 300 கிராம், அதாவது ஒன்றேகால் கப் (மோரிஸ் என்றால் நடுத்தர அளவில் 3, பூவன் என்றால் 5 அல்லது 6)
ஓட்ஸ்: 150 கிராம், அரைத்த பிறகு சுமார் ஒன்றரை கப்
கோதுமை மாவு: 60 கிராம், அரை கப்
நாட்டுச் சர்க்கரை: 100 கிராம், சுமார் முக்கால் கப்
முட்டை: 2
எண்ணெய்: 60 மில்லி, கால் கப்
தயிர்: 3 பெரிய ஸ்பூன்
பேக்கிங் பவுடர்: ஒன்றரை சின்ன ஸ்பூன்
சமையல் சோடா: கால் சின்ன ஸ்பூன்
உப்பு: கால் சின்ன ஸ்பூன்
ஏலக்காய்ப் பொடி அல்லது பட்டைப் பொடி: அரை சின்ன ஸ்பூன்
விருப்பப்பட்டால் உடைத்த முந்திரியோ வால்நட்டோ ஒரு கைப்பிடி

வீட்டில் சின்னத் தராசு இருந்தால் கிராமில் அளப்பதுதான் நல்லது. பழம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு, எண்ணிக்கையை நம்ப முடியாது. ‘இன்னும் ஒரு பழம் மிச்சம் இருக்கிறதே’ என்று அதையும் போட்டுவிடாதீர்கள். கேக்கின் அடியில் பிசுபிசுவென்று ஒரு கோடு நிற்பதற்கு முக்கியக் காரணம் அந்தக் கூடுதல் பழம்தான்.

எண்ணெய் வாசனை இல்லாததாக இருக்கட்டும், சூரியகாந்தி எண்ணெய் நல்லது. தேங்காய் எண்ணெயும் வாழைப்பழத்தோடு நன்றாகவே சேரும். நல்லெண்ணெய் வேண்டாம், அதன் மணம் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். நாட்டுச் சர்க்கரையில் கட்டி இருந்தால் சலித்துக்கொள்ளுங்கள். வெல்லம்தான் இருக்கிறது என்றால் நன்றாகத் துருவிப் போடலாம். மண் இருக்குமோ என்று சந்தேகமாக இருந்தால் அன்றைக்கு வெள்ளைச் சர்க்கரையே போதும். பாகு காய்ச்சி வடிகட்டி ஊற்றினால் தண்ணீர் அளவு மாறி, முதல் முயற்சியிலேயே குழப்பமாகிவிடும்.

பேக்கிங் பவுடர் டப்பா எப்போது திறந்தது என்று தெரியவில்லையா? அரை ஸ்பூன் எடுத்துச் சுடுதண்ணீரில் போட்டுப் பாருங்கள். புசுபுசுவென்று பொங்கினால் உயிர் இருக்கிறது. சும்மா கரைந்துபோனால் புதிதாக வாங்குங்கள். சமையல் சோடாவை எலுமிச்சைச் சாறு விட்டுச் சோதிக்கலாம். நம் ஊர் ஈரக்காற்றில் மூடி சரியாக மூடாத டப்பா சீக்கிரமே வீணாகிவிடும்.

கலப்பது

முதலில் டின்னைத் தயார் செய்துவிடுங்கள். உள்ளே எண்ணெய் தடவி, அடியின் அளவுக்குப் பட்டர் பேப்பர் வெட்டிப் போடுங்கள். முட்டையும் தயிரும் ஃப்ரிட்ஜிலிருந்து முன்கூட்டியே வெளியே எடுத்து வைத்திருக்க வேண்டும்.

அகலமான பாத்திரத்தில் பழத்தை முள்கரண்டியால் மசியுங்கள். மிக்ஸி வேண்டாம். மிக்ஸியில் அடித்தால் பசை மாதிரி ஆகிவிடும். அங்கங்கே பட்டாணி அளவில் சின்னச் சின்னக் கட்டிகள் இருந்தால் நல்லதே, வெந்த பிறகு வாயில் இனிப்பாகத் தட்டுப்படும். அதில் நாட்டுச் சர்க்கரையைப் போட்டுக் கரையக் கலக்குங்கள். அப்புறம் முட்டை இரண்டையும் உடைத்து ஊற்றி நன்றாக அடியுங்கள். எண்ணெய், தயிர், ஏலக்காய்ப் பொடி ஒவ்வொன்றாகச் சேரட்டும்.

இப்போது அரைத்த ஓட்ஸை மட்டும் இதில் கொட்டிக் கலந்து, மூடி, பதினைந்து நிமிடம் அப்படியே வைத்துவிடுங்கள். கோதுமை மாவு, பேக்கிங் பவுடர், சோடா எதுவும் இன்னும் போடக் கூடாது. இந்தக் குறிப்பில் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் இடம் இதுதான். ஓட்ஸில் இருக்கும் பீட்டா குளுக்கன் என்ற நார்ச்சத்து தண்ணீரை இழுத்துக் கூழாகும் தன்மை உள்ளது, அதற்கு நேரம் வேண்டும். ஊற விடாமல் ஓவனில் வைத்தால் ஒரு பக்கம் ஓட்ஸ் நறநறவென்று நிற்கும், இன்னொரு பக்கம் கேக் ஈரமாக இருக்கும். பேக்கிங் பவுடரும் சோடாவும் நேர் எதிர்: ஈரம் பட்டதுமே வேலையைத் தொடங்கிவிடும், காத்திருக்காது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிட்டு ஊற வைத்தால் பாதி வாயு பாத்திரத்திலேயே போய்விடும். அதனால்தான் ஓட்ஸ் முதலில், சோடா கடைசியில்.

பதினைந்து நிமிடம் கழித்து மூடியைத் திறந்து கரண்டியால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கலந்தபோது அந்தக் கோடு உடனே மூடிக்கொண்டிருக்கும். இப்போது இரண்டு மூன்று விநாடி நின்று, மெதுவாகத்தான் மூடும். ஓரத்தில் தெரிந்த நீர் காணாமல் போயிருக்கும். ஓட்ஸ் ஊறிவிட்டது என்று அர்த்தம்.

இந்த இடைவெளியில் ஓவனைச் சூடேற்ற வைத்துவிடலாம். ஓடிஜி (மேடைமேல் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) என்றால் மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரியும் நிலையில் 170 டிகிரி செல்சியஸ், பத்துப் பதினைந்து நிமிடம்.

கோதுமை மாவு, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு நான்கையும் சேர்த்து இரண்டு முறை சலித்து, ஊறிய கலவையில் போடுங்கள். கரண்டியால் அடியிலிருந்து மேலே புரட்டிப் புரட்டிக் கலக்க வேண்டும். உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் கலக்கக் கலக்கக் கோதுமையின் குளூட்டன் இறுகி, கேக் ரப்பராகிவிடும். மாவு இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக, கரண்டியைச் சாய்த்தால் பொத்தென்று விழும் பதத்தில் இருக்க வேண்டும். ரொம்ப இறுகியிருந்தால் ஒன்றிரண்டு ஸ்பூன் பால் விடலாம். சோடாவை மட்டும் குறித்த அளவுக்கு மேல் போடாதீர்கள். அதிகம் போட்டால் அதிகம் உப்பும் என்று நினைப்பார்கள். முதலில் உப்பி, பிறகு நடுவில் குழி விழும், சோப்பு வாடையும் வரும்.

முந்திரியைக் கடைசியில் சேர்த்து, மாவை டின்னில் ஊற்றுங்கள். முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்ப வேண்டாம். டின்னை மேடையில் இரண்டு தட்டு தட்டி, மேலே ஒரு பிடி அரைக்காத ஓட்ஸைத் தூவிவிட்டால் வெந்த பிறகு பார்க்க அழகாக இருக்கும்.

வேக வைப்பது

சோடா கலந்த மாவைக் காக்க வைக்காமல் உடனே ஓவனின் நடுத் தட்டில் வையுங்கள். வட்ட டின்னுக்கு 40 முதல் 45 நிமிடம் ஆகும். ரொட்டி டின் ஆழம் கூடியது என்பதால் 50 நிமிடம்கூட ஆகலாம். முதல் அரை மணி நேரம் கதவைத் திறக்கவே கூடாது. குளிர்காற்று பட்டால் பாதி வெந்து நிற்கும் நடுப்பகுதி அமுங்கிவிடும்.

வாழைப்பழத்திலும் நாட்டுச் சர்க்கரையிலும் இருக்கும் இனிப்பால் மேல்பக்கம் சீக்கிரமே சிவந்துவிடும். நிறத்தைப் பார்த்து வெந்துவிட்டது என்று எடுத்துவிடாதீர்கள். அரை மணிக்குப் பிறகு மேலே ரொம்பச் சிவந்தால் அலுமினியத் தாளை லேசாக மூடி, மீதி நேரத்தை ஓட்டுங்கள். வெந்ததா என்று பார்க்கப் பல்குச்சியை நடுவில் குத்தி எடுங்கள். ஈர மாவு ஒட்டக் கூடாது. ஒன்றிரண்டு துணுக்கு ஒட்டினால் தவறில்லை, இந்தக் கேக்கின் இயல்பே அதுதான். குச்சி பழக் கட்டியில் குத்தியிருந்தாலும் ஈரமாக வரும், பக்கத்தில் இன்னொரு முறை குத்திப் பாருங்கள்.

மைக்ரோவேவில் செய்பவர்கள் கன்வெக்ஷன் வசதி இருந்தால் மட்டும் இதே முறையில் செய்யலாம். கன்வெக்ஷன் முறையில்தான் உலோக டின் வைக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். காற்றைச் சுழலவிடும் ஓவன் என்பதால் 160 டிகிரி போதும்.

ஓவன் இல்லாதவர்கள் அடிகனமான பெரிய பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குக்கராக இருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தையும் மேலே போடும் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும், தண்ணீரும் ஊற்றக் கூடாது. வெறும் குக்கரை நெடுநேரம் சூடாக்குவது அதற்கு நல்லதல்ல, ஆகவே புதுக் குக்கரை இதில் கெடுக்க வேண்டாம், பழையதே போதும். அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குக் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடி, நடுத்தரத் தீயில் பத்து நிமிடம் சூடாக்குங்கள். பிறகு டின்னை இடுக்கியால் பிடித்து உள்ளே இறக்கி, தீயை நன்றாகக் குறைத்து மூடிவிடுங்கள். 50 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். டின் பாத்திரத்தின் சுவரில் முட்டாமல் சுற்றிலும் இடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் கருகும். மேலே ஓவன் அளவுக்குச் சிவக்காது, சுவையில் குறை இருக்காது. அந்த உப்பை ஆறியதும் டப்பாவில் போட்டு அடுத்த கேக்குக்கு வைத்துக்கொள்ளலாம், சமையலுக்கு வேண்டாம்.

முட்டை வேண்டாம் என்றால்

முட்டை இல்லாவிட்டால் பிடிப்பு குறையும். அதை ஈடுகட்ட ஓட்ஸை 110 கிராமாகக் குறைத்து, கோதுமை மாவை 100 கிராமாகக் கூட்டுங்கள். தயிரை அரை கப் ஆக்கிக்கொண்டு, சோடாவை அரை சின்ன ஸ்பூனாக்குங்கள். ஓட்ஸ் ஊறும் நேரம் அதேதான். வேக ஐந்து நிமிடம் கூடுதலாகும். முட்டை போட்டதைவிட இது சற்றுக் கனமாக இருக்கும், ஆனால் ஈரப்பதம் நன்றாக நிற்கும்.

ஆற விடுவது, எடுத்து வைப்பது

வெளியே எடுத்ததும் பத்து நிமிடம் டின்னிலேயே இருக்கட்டும். அப்புறம் ஓரத்தைக் கத்தியால் ஒரு சுற்று விடுவித்து, கவிழ்த்து, பேப்பரை உரித்து, கம்பித் தட்டின்மேல் வையுங்கள். டின்னிலேயே முழுக்க ஆற விட்டால் ஆவி உள்ளேயே தங்கி அடிப்பக்கம் நமத்துவிடும்.

வெட்ட ஒரு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். குழந்தைகள் சுற்றி நின்றால் இது கஷ்டம்தான், தெரியும். ஆனால் ஊறிய ஓட்ஸ் சூடாக இருக்கும்போது இளகி இருக்கும், ஆறும்போதுதான் இறுகிப் பிடித்துக்கொள்ளும். சூட்டில் வெட்டினால் வேகாத கேக் போலக் கத்தியில் ஒட்டும். அதைப் பார்த்துவிட்டு வேகவில்லை என்று மறுபடியும் ஓவனில் வைத்து வறட்டிவிடுவார்கள். உண்மையில் இந்தக் கேக் மறுநாள்தான் ருசி. இரவு செய்து, ஆறியதும் மூடி வைத்து, காலையில் காபியோடு வெட்டிப் பாருங்கள், பழத்தின் இனிப்பு சீராகப் பரவி, ஓட்ஸும் மென்மையாகியிருக்கும்.

ஓட்ஸ் இருக்கிறது, மைதா இல்லை என்பதற்காகச் சர்க்கரை நோய் உள்ளவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கனிந்த பழம், நாட்டுச் சர்க்கரை இரண்டுமே இரத்தச் சர்க்கரையை ஏற்றக்கூடியவை. நன்றாகக் கனிந்த பழமாக இருந்தால் நாட்டுச் சர்க்கரையை 70 கிராமாகக் குறைக்கலாம், கேக்கின் பதம் கெடாது.

ஈரமான கேக் என்பதால் வெளியே ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள், கோடைக்காலத்தில் அதுகூட யோசிக்க வேண்டிய விஷயம். ஃப்ரிட்ஜில் காற்றுப் புகாத டப்பாவில் நாலு நாள் இருக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பட்டர் பேப்பரில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம் வரை தாங்கும். தேவைப்படும்போது ஒரு துண்டை எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, தோசைக்கல்லில் சின்னத் தீயில் கொஞ்சம் நெய் தடவி இரண்டு பக்கமும் புரட்டிச் சுட்டுச் சாப்பிடலாம்.